நடுவில் நின்று பேசிய மகனுக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் மனைவி, பிறந்த குழந்தை மூவரும் சுகம். உன் சுகத்தையும் கேட்கத்தான் வேண்டும், கேட்டுக்கொள்கிறேன். போனில் சொன்னால் நடுவில் புகுந்து சமாளித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு நம் கடையில் ஒருவருக்கு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கீழ் வீட்டம்மா போன் செய்து, உங்கள் மருமகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தனியாக ஆட்டோவில் போகிறாள், நீங்களெல்லாம் என்ன மாமியார் என்று கேட்டார். பிரசவத்துக்கு நான் வருவது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நீதானே சொல்லியிருந்தாய். துரத்தினால் துரத்தட்டும் என்று ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில், கூட யார் என்று கேட்டதற்கு யாருமில்லை என்று சொல்லியிருக்கிறாள், தாயில்லாத பெண் வேறு என்ன சொல்வாள். நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்து அவள் கற்றுவைத்ததெல்லாம் வலியில் எங்கேயோ பறந்துவிட்டது. வலி இல்லாதபோதும் முக்குகிறாள், வலி வந்தால் கத்தியே தெம்பைத் தீர்க்கிறாள், நர்ஸ் சொல்வது எதுவும் காதில் ஏறவில்லை. நான் தலைமாட்டில் நின்று முதுகைத் தாங்கிக்கொண்டு, வலி வரும்போது மட்டும் முக்கு, மோவாயை நெஞ்சோடு வை, தொண்டையில் கத்தாதே, மலச்சிக்கலுக்கு முக்குவது போலக் கீழே தள்ளு, வலி விட்டதும் கைகாலைத் தளர்த்திவிடு என்று காதோடு சொன்னேன். இடுப்பைத் தேய்த்துவிட்டேன், உதட்டை நனைத்தேன். வலி விட்ட ஒரு நேரத்தில் என் முகத்தையே பார்த்துக் கேட்டாள், "அத்தை, உங்களுக்கு வர இஷ்டமே இல்லைன்னு அவர் சொன்னாரே, அப்புறம் எப்படி வந்தீங்க?"

உனக்குத்தானே இஷ்டமில்லை என்றான் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த வலி. "அதெல்லாம் அப்புறம் பேசலாம், இப்ப முக்கு கண்ணு" என்றேன். அவள் நகம் பதிந்த தடம் என் கையில் இன்னும் மறையவில்லை. தலை தெரிந்ததும் நர்ஸ், இனி முக்காதே, வாயால் ஊது என்றார், அவளோடு சேர்ந்து நானும் ஊதினேன். உன் மகள் அப்படித்தான் பிறந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டோம். வாந்தி எடுத்த நாட்களில் என் கைச் சாப்பாடு கேட்டிருக்கிறாள், அம்மாவுக்கு முடியாது என்றாயாம். நான் சமைத்துக் கொண்டுவருகிறேன் என்றபோது, அவள் தொடமாட்டாள் என்றாய். இரண்டு பஸ் ஸ்டாப் தூரத்தில் இருந்துகொண்டு அவள் என்னையும் நான் அவளையும் மனசுக்குள் திட்டிக்கொண்டு கிடந்தோம். சண்டை வரக்கூடாது என்றுதான் செய்தேன் என்பாய். சண்டை போட்டிருந்தாலாவது பழகியிருப்போமடா. தூரத்தில் கிரேன் வேலையில் இருக்கிற உனக்கு லீவு கிடைக்காததற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ இல்லாத இடத்தில் நான் இருந்திருப்பேனே, அதையும் கெடுத்தாயே, அதற்குத்தான் என் மனசு ஆறவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, கிரேனில் ஏறும்போது பெல்ட்டை மாட்டிக்கொள். நன்றாக இரு, பெற்றவள் வேறு என்ன சொல்வேன். ஒன்றை மட்டும் மறக்காதே, இனி போன் செய்தால் ஸ்பீக்கரில்தான் எடுப்போம், இருவருக்கும் சேர்த்தே பேசு. உறையை ஒட்டுமுன் இதை அவளிடம் படித்துக்காட்டினேன், காரம் அதிகமென்றால் சொல், அடித்துவிடுகிறேன் என்றேன். ஒரு வரியைக்கூட அடிக்க வேண்டாம் என்றாள்.

இப்படிக்கு,
உன் அம்மா