மூன்று துண்டு முன் கண்ணாடி

மாரியம்மன் துணை

சுங்கை பாயா தோட்டம்,
கோத்தா திங்கி.
23-1-1935

(தனிச் சீட்டு)

ஐயாசாமி அண்ணனுக்கு வெள்ளையம்மாவின் வணக்கம்.

அண்ணா, உங்கள் கால் எலும்பு கூடி வருகிறதா? ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்த பாவத்துக்கு, நான் எழுதுகிற கடிதங்களையெல்லாம் நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் இந்தச் சீட்டை மட்டும் உங்கள் மனத்துக்குள் படித்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் எங்கள் துரைக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அதில் இருந்ததை, ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி ஜெயபாலன் ஐயா என்னிடம் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரருக்கு வலது கண் தப்பிவிட்டது. இடது கண் போய்விட்டது. வரும் வெள்ளிக்கிழமை கண் கட்டு அவிழ்க்கும்வரை அவருக்குத் தெரிய வேண்டாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். அவர் உங்களிடம் கேட்டால், எல்லாம் சரியாகிவிடும் என்றே சொல்லுங்கள். இதைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த தாளை அவருக்குப் படியுங்கள்.

*

என் மாமா சபாபதி அவர்களுக்கு, தோட்டத்திலிருந்து வெள்ளையம்மா எழுதுவது.

நான் நலம். நீங்களும் நேரத்துக்கு மருந்து போட்டுக்கொண்டு, கட்டின் மேல் கை வைத்து நோண்டாமல், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நோண்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஐயாசாமி அண்ணன் பார்த்தால் கையில் ஒன்று போடட்டும், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

மழை விட்டு ஐந்து நாளாகிறது. ஆற்றுத் தண்ணீர் நம் லயத்து வீட்டுப் படிவரை வந்து திரும்பிவிட்டது. இரண்டு கோழிகள் போயின. கூரையில் உங்கள் கட்டிலுக்கு நேர் மேலே ஒழுகுகிறது. நீங்கள் இல்லாததால் அடியில் சட்டி வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து உங்கள் அம்மா கடிதம் போட்டிருந்தார்கள். உங்களுக்கு அடிபட்டதை நான் எழுதவில்லை. நன்றாக இருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார் என்று மட்டும் எழுதினேன். இரண்டாவது உண்மை.

நீங்கள் ஓட்டுகிற அந்த மோட்டார்ப் படகு, லாஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் தினமும் அதைத்தான் கேட்கிறீர்களாம். என்னைப் பற்றி ஒரு நாளாவது கேட்டீர்களா என்று ஐயாசாமி அண்ணனிடம் விசாரிக்க வேண்டும்.

சாய்ந்து கிடந்த மரக்கிளை மோதியதில் முன் கண்ணாடி தவிர வேறொன்றும் உடையவில்லை. இஞ்சின் நன்றாக இருக்கிறது. உங்கள் கையாள் லெட்சுமணன் தினமும் ஒரு தடவை ஓட வைத்துப் பார்க்கிறான். ஆனால் முன்னால் கண்ணாடி இல்லாமல் மழையிலும் சாரலிலும் யார் ஓட்டுவது? சிங்கப்பூர்க் கடையில் கேட்டதற்கு, அதே மாதிரி ஒரே துண்டாகச் சீமையிலிருந்து வரவேண்டும், நாற்பத்தைந்து வெள்ளி, இரண்டு மாதம் என்று பதில் வந்தது. தலைமை ஆபீசில் ஒரு காசுகூடத் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். லாஞ்சைக் கரையில் ஏற்றிக் கட்டிவிட்டு, தபாலுக்கும் அரிசிக்கும் கோத்தா திங்கியில் ஒரு வாடகைப் படகை ஆளோடு பேசிவிடலாம் என்று துரை முடிவு செய்திருந்தார்.

இதையும் கிராணி ஐயாதான் என்னிடம் சொன்னார். லாஞ்சு கரையேறினால் உங்கள் வேலையும் கரையேறிவிடும். கித்தா ரப்பர் விலை விழுந்த வருஷம் வேலை இல்லாதவர்களை எப்படி ஊருக்குக் கப்பல் ஏற்றினார்கள் என்று நாம் இருவரும் படகுத்துறை ஜெட்டியில் நின்று பார்த்தவர்கள்தானே.

அதனால் மறுநாள் காலையில் ஆயாக் கொட்டகையில் நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைகளை ராஜம்மாவிடம் விட்டுவிட்டு, நேரே ஆபீசு வாசலில் போய் நின்றேன். துரை தன்னுடைய தோட்டத்துத் தமிழில், “நீ கண்ணாடி செய்யிறியா?” என்று கேட்டார். கண்ணாடி செய்யத் தெரியாது துரை, விலையை மட்டும் குறைத்துக் காட்டுகிறேன் என்றேன். கிராணி ஐயா காகிதத்துக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார். மாதக் கடைசியில் பெரிய துரை பார்வையிட வருகிறார், அதற்குள் பத்து வெள்ளியில் முடித்தால் சரி, இல்லையென்றால் வாடகைப் படகுதான் என்று துரை சொல்லிவிட்டார்.

வெள்ளத்தில் கோத்தா திங்கிக் கடைகளெல்லாம் முழங்கால் தண்ணீரில் நின்றன அல்லவா? நைனா முகம்மது பாய் கடையில் பிஸ்கோத்து டின் அடுக்கியிருந்த கண்ணாடி அலமாரி நினைவிருக்கிறதா? அதன் மரமெல்லாம் ஊறிப் பிளந்துவிட்டது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. படத்துக்குப் போடுகிற மெல்லிய கண்ணாடி இல்லை, நல்ல கனம். அதை வெளியே சாய்த்து வைத்திருந்தார்கள். நான் பார்த்ததும் ஒன்றும் தெரியாதவள் போல உப்பு விலை கேட்டேன், மிளகாய் விலை கேட்டேன், அப்புறம்தான் கண்ணாடி விலை கேட்டேன். பாய் சிரித்துவிட்டார். “தங்கச்சி, லாஞ்சுக்குத்தானே? சபாபதி எத்தன தடவ என் மூட்டைய நனையாம கொண்டாந்து சேத்திருக்காரு, நான் ஒங்கிட்ட வெல பேசுவனா?” என்றார். பேசினார், மாமா. நாலு வெள்ளியில் நின்றார். நான் மூன்று வெள்ளியும் ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாயும் என்று முடித்தேன்.

ஒரே துண்டாகப் போட முடியாது, மூன்று துண்டாகத்தான் வரும். படச்சட்டம் போடுகிற சீனர் வைர முனையால் கோடு இழுத்து அளவாக வெட்டிக் கொடுத்தார். அர்ச்சுனன் ஆசாரி பழைய பித்தளைச் சட்டத்துக்குள்ளே பொருந்துகிற மாதிரி, இங்குள்ள கெட்டியான செங்கால் மரத்தில் ஒரு சட்டம் செய்தார். மூன்று கண்ணாடிக்கு நடுவில் இரண்டு நடுச்சட்டங்கள்.

இனி நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், லெட்சுமணன் எப்படியும் உங்களிடம் கை கால் வைத்துச் சொல்லப்போகிறான். கண்ணாடியைச் சட்டத்தில் பிடிக்கப் பூச்சு வேண்டும். சுண்ணப்பொடியில் ஆளிவிதை எண்ணெய் விட்டுப் பிசைய வேண்டும் என்றார் ஆசாரி. அந்த எண்ணெய் இங்கே எங்கே கிடைக்கும்? எண்ணெய் என்றால் எண்ணெய்தானே என்று, பள்ளிக்கூடத்துச் சாக்கட்டியை இடித்துத் தேங்காயெண்ணெய் விட்டு நானே சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து கொடுத்தேன். ஆசாரி வேண்டாம் என்று சொன்னார். நான் கேட்கவில்லை. இரண்டு நாள் வைத்தும் அது காயவே இல்லை. ஆனாலும் லெட்சுமணனை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். இரண்டாவது வளைவு தாண்டுவதற்குள் வெயிலும் இஞ்சின் சூடும் சேர்ந்து பூச்சு உருகி வழிய, ஓரத்துக் கண்ணாடி அப்படியே நழுவி அவன் மடியில் விழுந்ததாம். நல்ல வேளை, உடையவில்லை. ஒரு கையில் சுக்கானும் ஒரு கையில் கண்ணாடியுமாகத் திரும்பி வந்தான். ஜெட்டியில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இதைக் கேட்டுப் பாய்தான் வழி சொன்னார். அவர் ஊர்ப்பக்கம் படகுப் பலகை இடுக்கை அடைப்பதற்குக் குங்கிலியத்தை உருக்கி, சுண்ணாம்பும் கொஞ்சம் நல்லெண்ணெயும் சேர்த்துச் சூட்டோடு வைப்பார்களாம். சாமிக்குப் புகை போடுகிற அதே குங்கிலியம்தான். கோயில் பூசாரியிடம் ஒரு பொட்டலம் வாங்கினேன், மிச்சத்தைப் பாய் கொடுத்தார். ஆறியதும் கல் மாதிரி இறுகிவிட்டது. நேற்று மறுபடியும் ஓட்டியாயிற்று. கோத்தா திங்கி வரைக்கும் போய், எதிர்க்காற்றில் திரும்பி வந்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. எல்லாம் சேர்த்து எட்டு வெள்ளிகூட ஆகவில்லை. துரை விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நல்லது என்று நீங்கள்தானே சொல்வீர்கள்.

மூன்று துண்டும் ஒரே அளவு இல்லை. சுக்கானுக்கு நேரே இருப்பது பெரியது, இடது பக்கம் இரண்டும் ஒடுக்கம். முதலில் ஆசாரி மூன்றையும் சமமாகத்தான் வைத்திருந்தார். கண்ணாடி கழன்று வந்ததுதான் வந்தது, இனி ஒட்டுவதற்கு முன்னால் சட்டத்தைப் பிரித்து மாற்றிச் செய்யுங்கள் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மிச்சமிருந்த அலமாரிக் கண்ணாடியை அந்தச் சீனரிடம் மறுபடியும் கொண்டுபோய் வெட்டி வரவேண்டியிருந்தது. “கட்டி முடிச்ச பொறகு வந்து பிரிங்கிறியேம்மா, ஒனக்கு என்னா கணக்கு?” என்று ஆசாரி என்னை ஏசிவிட்டார்.

மாமா, இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் உலை வைத்தேன். அரிசி வெந்து வடித்தும் ஆயிற்று. அடுத்த வரியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீங்கள் வந்து சுக்கான் முன்னால் உட்கார்ந்த உடனே கேட்கிற முதல் கேள்வி, சட்டம் ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்பதுதான். ஆசாரிக்கு அழகு தெரியவில்லை என்று சொல்லலாம். கண்ணாடி பற்றவில்லை என்று சொல்லலாம். இரண்டையும் எழுதி அடித்துவிட்டேன். துரைக்குத் தெரிந்து, கிராணிக்குத் தெரிந்து, கடைசியில் ஏசின ஆசாரிக்கும் நான் சொல்லித் தெரிந்துவிட்டது. உங்களுக்கு மட்டும் தெரியாமல் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ஐயாசாமி அண்ணா, சீட்டில் நான் எழுதியதை விட்டுவிடுங்கள். டாக்டர் கோபித்தால் என்னைக் கோபிக்கட்டும். இனி வருவதை நிறுத்தாமல், மெதுவாகப் படியுங்கள்.

மாமா, உங்கள் வலது கண் நன்றாக இருக்கிறது. டாக்டரே எழுதியிருக்கிறார். இடது கண் இனி இல்லை. கண்ணாடிச் சில்லு ஆழமாக இறங்கிவிட்டதாம்.

கண்ணாடி கழன்று விழுந்த அன்று நான் சுக்கான் முன்னால் உங்கள் இடத்தில் உட்கார்ந்து, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஆற்றைப் பார்த்தேன். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நடுச்சட்டம் ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு கண்ணால் பார்த்தபோது, எதிரே வந்த ஒரு சம்பான் படகு முழுசாக அதன் பின்னால் ஒளிந்துகொண்டது. துடுப்புப் போட்ட ஆளும் தெரியவில்லை. பிறகு சட்டத்தைத் தள்ளி வைக்கச் சொல்லி, மறுபடியும் கண்ணைப் பொத்தி உட்கார்ந்து, கரையிலிருந்து கரைவரை தெரிகிற இடத்தில்தான் ஆணி அடிக்கவிட்டேன்.

துரையிடமும் கேட்டுவிட்டேன். ஒரு கண்ணோடு ஓட்டலாமா என்று நானே கேட்டேன். நீங்கள் தேறி வந்த பிறகு, தான் ஏறி உட்கார, கோத்தா திங்கிக்குப் போய் வரவேண்டுமாம். தண்ணீர் ஏறியிருக்கும்போது ஒரு தடவை, வற்றியிருக்கும்போது ஒரு தடவை. திருப்தியாக இருந்தால் வேலை உங்களுக்கு. அதுவரை லெட்சுமணன் ஓட்டுவான். உங்களைக் கேட்காமல் நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆற்றில் எந்த வளைவில் எந்த மணல்திட்டு என்று உங்களுக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? அன்று நானும் லாஞ்சில் வருவேன் என்று துரையிடம் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு இடது பக்கத்தில் உட்காருவேன். அந்தக் கரையை நான் பார்த்துச் சொல்கிறேன், ‘எனக்கே சொல்லித் தருகிறாயா’ என்று நீங்கள் சத்தம் போடக்கூடாது.

அழ வேண்டும் என்றிருந்தால் இன்றைக்கே அழுதுவிடுங்கள், ஐயாசாமி அண்ணன் யாரிடமும் சொல்ல மாட்டார். வெள்ளிக்கிழமை கட்டு அவிழ்த்ததும் ஒரு வரி உங்கள் கையால் எழுதிப் போடுங்கள். எழுத்து கோணினாலும் பரவாயில்லை. என்னை ஏசி எழுதினாலும் பரவாயில்லை. மாரியம்மன் அந்த ஒரு கண்ணை என் ஆயுசுக்கும் சேர்த்துக் காக்கட்டும். அது முதலில் என்னைப் பார்க்க வேண்டும், சீக்கிரம் வந்து சேருங்கள்.

உங்கள்
வெள்ளையம்மா