‘இருக்கட்டும்’ என்றொரு பொத்தான்

உன் பொத்தானைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மூலைகள் வளைந்த சின்னப் பெட்டி, புளியங்கொழுந்து நிறம், நடுவில் ஒரே ஒரு சொல்: ‘இருக்கட்டும்’. அந்த நிறத்துக்காக நீ என் உயிரை வாங்கியதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. கொழுந்து முற்றிவிட்டது, இன்னும் இளசாக வேண்டும் என்பாய். நான் மாற்றுவேன். “இப்ப வாடிப் போச்சுடி” என்பாய். கடைசியில் கீழே போய் ரோட்டோர மரத்திலிருந்து ஒரு கிள்ளு பறித்து வந்து என் திரையின் மேலேயே ஒட்டி வைத்தாய். அது நிஜமாகவே வாடிய பிறகுதான் சண்டை ஓய்ந்தது.

இந்தப் பொத்தானை எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் பெங்களூரிலிருந்து வீடியோவில் வந்த நம் மேலாளர், யாரும் தொடாத வசதிகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். உன்னுடையதில் வந்து நின்றார். நல்ல மனிதர், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார். “இது அவங்க செஞ்சதுன்னு தெரியும். ஆனா யாரும் அழுத்தறதில்லையே. ஒரு கேள்வி குறைஞ்சா ஜனங்களுக்கு ஒரு வேலை குறையும். வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துடறீங்களா?” நான் தலையாட்டினேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயமாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கல்லூரி முடித்த கையோடு நாம் இருவரும் இந்த வேலையில் சேர்ந்தபோது, வீட்டில் இதை விளக்கப் பட்ட பாடு நினைவிருக்கிறதா? கடைக்காரர்கள் தாங்களே இணையப் பக்கம் செய்துகொள்ள ஒரு கருவி. படம் ஒரு கட்டம், எழுத்து ஒரு கட்டம், போன் நம்பர் ஒரு கட்டம். விரலால் இழுத்து வேண்டிய இடத்தில் விட்டால் பக்கம் தயார். நீ வடிவமைப்பாய், நான் நிரல் எழுதுவேன். பாப்பிரெட்டிப்பட்டியில் உரக்கடைக்கு மேலே இந்த அறையைப் பிடித்தோம். யூரியா வாசனை சட்டையில் ஏறிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். “கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லிட்டு மூட்ட தூக்கறியா?” என்று என் அம்மா கேட்பாள்.

முதலில் நீ கண்டுபிடித்த பிழை உன் வீட்டுக்காரர் கடைப் பக்கத்தில்தான். பொம்மிடியில் அவருடைய டூவீலர் மெக்கானிக் கடைக்கு நீ பக்கம் செய்தாய். தலைப்பைப் பெரிய எழுத்தில் வைத்ததும் கட்டத்தின் மேல் விளிம்பு எழுத்தை நறுக்கிவிட்டது. ‘மி’யின் சுழி காணாமல் போய், ஊர் ‘பொம்மடி’ ஆகிவிட்டது. “ஊரோட கொண்டையவே வெட்டிட்டியேடி” என்று மேசையைத் தட்டிச் சிரித்தாய். ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த கட்டம் அது. நம் எழுத்துக்கு மேலேயும் இடம் வேண்டும், கீழேயும் வேண்டும். அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த வாரம் முழுக்க என்னைப் ‘பொம்மடி’ என்றே கூப்பிட்டாய்.

இந்தப் பொத்தானுக்குக் காரணமான காலி இட விவகாரம் அதற்குப் பிறகு வந்தது. பொம்மிடியில் துணிக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவரிடம் கருவியைக் கொடுத்து, அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்தோம். பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதுசு போட நினைத்தார். எடுத்த கணமே, கீழே இருந்த கட்டங்கள் எல்லாம் சட்டென்று மேலே ஏறி அந்த இடத்தை அடைத்துக்கொண்டன. அவர் பதறிவிட்டார். “ஐயோ, எல்லாம் போச்சே!” என்று போனைக் கவிழ்த்து வைத்தவர், அதற்கப்புறம் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். ஒன்றும் போகவில்லை என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ சொன்னாய், “எடுத்த கைக்குக் கொஞ்சம் நேரம் குடுக்கணும்டி. எடுத்ததும் அந்த எடம் அப்படியே நிக்கணும்.”

“பக்கத்துல ஓட்டை இருந்தா நல்லாவா இருக்கும்? பல்லு விழுந்த வாய் மாதிரி.”

“பல்லு விழுந்தா நாக்கு கொஞ்ச நாளைக்கு அங்கதான் போவும். அதுக்காக ஒடனே பக்கத்துப் பல்ல நவுத்துவியா?”

எனக்கு அது உடன்பாடில்லை. இன்றைக்கும் முழுசாக உன் பக்கம் வந்துவிடவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீ செத்துப் போனாய் என்பதற்காக விவாதத்தில் தோற்க முடியாது. ஆனாலும் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். ஒரு கட்டத்தை நீக்கினால் ஒரு பெட்டி எழும்பி, ‘இந்த இடத்தை மூடவா?’ என்று கேட்கும். ‘மூடு’ என்று ஒரு பொத்தான். இன்னொன்றுக்கு நான் ‘விடு’ என்று பெயர் வைத்தேன். நீ முகத்தைச் சுளித்தாய். “விடுன்னா, போனா போவுது விடுன்னு சொல்ற மாதிரி இருக்குது. எடுத்தவங்க மனசு அப்படியா இருக்கும்?”

வேறு சொல் கிடைக்காமல் இருவரும் உட்கார்ந்திருந்தோம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கீழேயிருந்து உரக்கடைக்காரர் ஏறி வந்து வாசலில் நின்று, “சாரல் அடிக்குதேம்மா, ஜன்னலச் சாத்தட்டுமா?” என்றார். நீ திரும்பிப் பார்க்காமலே, “இருக்கட்டுங்க” என்றாய். சொல்லிவிட்டு மெதுவாக என் பக்கம் திரும்பினாய். நானும் உன்னைப் பார்த்தேன். அந்த நிமிடத்தில்தான் பொத்தானுக்குப் பெயர் கிடைத்தது. என் கீபோர்டு நனைந்து பாழானதைப் பற்றி நீ ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை.

அதன் பிறகு அந்தச் சொல்லை உன் வாயிலிருந்து நிறையக் கேட்டேன். ரத்தத்தில் கோளாறு என்று தெரிந்து, சேலத்துக்கு வைத்தியத்துக்குப் போகத் தொடங்கிய மாதங்களில் நானும் உன்னோடு வந்தேன். பொம்மிடி ஸ்டேஷனில் பையைக் கொடு என்றால், “இருக்கட்டும்டி.” ஜன்னலோரம் மாறி உட்காரட்டுமா என்றால், “இருக்கட்டும்.” ஊசி குத்திக் குத்திக் கை வீங்கியிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டால் அதற்கும் அதே சொல்தான். ரயிலில் அந்த வீங்கிய கையாலேயே நம் கருவியைத் திறந்து கட்டங்களை இழுத்து இழுத்துப் பார்ப்பாய். கட்டத்தைப் பிடித்து இழுக்கும் பிடி சின்னதாக இருக்கிறது, கை நடுங்குகிறவர்களுக்குப் பிடிபடாது, பெரிதாக்கு என்பாய். பெரிதாக்கினேன். அந்தப் பிடியை இப்போது எல்லோரும் பாராட்டுகிறார்கள். யாருடைய கைக்கு அளவெடுத்தது என்று நான் சொல்வதில்லை.

இந்த ஆடி வந்தால் வருஷம் திரும்புகிறது. நீ இல்லாமல் எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. சண்டை போட ஆளில்லாமல் என்ன வேலை?

புதன்கிழமை மதியம் உன் வீட்டுக்காரர் வந்தார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினார். என் நாற்காலியை விட்டால் இங்கே இருப்பது உன்னுடையது மட்டும்தான்.

“கடைப் பக்கத்துல அவ போட்டோவும் நம்பரும் இருக்குதுங்களே, அத எடுத்துடணுங்க” என்றார். “வண்டி சர்வீஸுக்கு விடணும்னு இன்னும் அவ நம்பருக்கே போன் பண்றாங்க. அக்கா இருக்காங்களான்னு கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் சொல்லி மாளலீங்க. என் நம்பரக் கீழ போட்டுடுங்க, போதும்.”

“அந்தப் போனை அணைச்சு வெச்சுடலாமேண்ணா?”

“மனசு வரலீங்க. டெய்லி சார்ஜ் போட்டுக்கிட்டுதான் இருக்கேன்.”

பக்கத்தைத் திறந்தேன். தலைப்பில் ‘பொம்மிடி’ கொண்டையோடு இருந்தது. அதன் கீழே நீ. ஏதோ ஒரு பைக்கின் சீட்டில் கையூன்றி, கண் கூசச் சிரித்துக்கொண்டு. பக்கத்தில் உன் பெயர், உன் நம்பர். முதலில் அவர் நம்பரைக் கீழே சேர்த்தேன். பிறகு உன் கட்டத்தைத் தொட்டு, நீக்கு என்பதை அழுத்தினேன். நீ போனாய். உடனே அந்தப் பெட்டி எழும்பி வந்தது: ‘இந்த இடத்தை மூடவா?’

நாம் இருவரும் சேர்ந்து எழுதிய கேள்வி. அது வரும் என்று எனக்குத் தெரியாதா? இருந்தும் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் குனிந்து பார்த்தார். “என்னங்க கேக்குது?”

“கீழ இருக்கறத மேல ஏத்தி, இந்த எடத்த மூடிடட்டுமான்னு கேக்குதுண்ணா.”

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இப்பவே சொல்லணுங்களா?” என்றார்.

நான் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

“இருக்கட்டுங்க” என்றார். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் படித்திருக்க முடியாது; கண் நிறைந்திருந்தது. உன் பொத்தானை அழுத்தினேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். வண்டி கிளம்பும் வரைக்கும் அழாமல் இருந்தேன், அப்புறம் நன்றாக அழுதேன்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. உன் மேலும், என் மேலும். எடுத்த கைக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று சொன்னவள் நீ. நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? கை எடுக்கும் முன்னே ஒரு பெட்டியை நீட்டி, மூடவா மூடவா என்று கேட்கிறோம். ‘இருக்கட்டும்’ என்ற சொல்லை யாரும் அழுத்தாததற்குக் காரணம் அவர்களுக்கு அது வேண்டாம் என்பதில்லை. அவசரப்படுத்திக் கேட்டால் எல்லோரும் ‘மூடு’ என்றுதான் சொல்வார்கள். கேள்வி தொலைந்தால் போதும் என்றிருக்கும். உரக்கடைக்காரர் ஜன்னலைப் பற்றிக் கேட்டது போல நாமும் கேட்டுவிட்டோம். நீ பதிலைத்தான் பிடித்துக்கொண்டாய். கேள்வியே வேண்டாம் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நீ இருந்திருந்தால் இதைச் சொல்லியே உன்னை ஒரு மாதம் ஓட்டியிருப்பேன்.

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மேலாளர், “எடுத்துட்டீங்களா?” என்று கேட்டார்.

“பொத்தானை எடுத்துட்டேன் சார். கேள்வியையும் எடுத்துட்டேன். இடத்தை எடுக்கல.”

செய்து காட்டினேன். ஒரு கட்டத்தை நீக்கினால் இப்போது எதுவும் எழும்புவதில்லை, எதுவும் நகர்வதுமில்லை. அந்த இடம் அப்படியே நிற்கும். அதன் மூலையில் சின்னதாக ‘மூடு’ என்று இருக்கும். விருப்பப்பட்டபோது தொட்டால் கீழே இருப்பவை மெதுவாக மேலே வரும். வேறு எதையாவது கொண்டுவந்து அங்கே வைத்தாலும் சரிதான்.

“எத்தனை நாளைக்குக் காலியா இருக்கும்?” என்றார்.

“அவங்க மூடற வரைக்கும்.”

அவர் தன் கன்னடத்தில், “நோடோணா” என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். அவர் வாயில் அது பாதிச் சம்மதத்துக்கு மேல் என்பது உனக்கே தெரியும்.

ஆக, உன் பொத்தானை நான்தான் எடுத்தேன். இதை எழுதி முடித்ததும் இந்தப் பழைய பதிப்பையும் மூடிவிடுவேன், இனி அந்தப் புளியங்கொழுந்து நிறத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. அதற்காக என்னை எத்தனை தடவை மாற்ற வைத்தாய்!

இதை எழுத உட்காரும் முன் கடைப் பக்கத்தை ஒருமுறை பார்த்தேன். தலைப்புக்குக் கீழே வெள்ளையாக ஒரு இடம். அதற்குக் கீழே அவர் நம்பர். பார்க்கக் கொஞ்சம் பல் விழுந்த வாய் மாதிரித்தான் இருக்கிறது, நான் சொன்னது தப்பில்லை. அவர் அங்கே புதுப் படம் வைக்கலாம், மூடலாம், சும்மாவும் விட்டுவிடலாம். கடைத்தெருவில் பார்த்தால் வண்டியைப் பற்றிப் பேசுவேன், வெயிலைப் பற்றிப் பேசுவேன். அந்த இடத்தைப் பற்றி நான் கேட்க மாட்டேன்.