இடது கைப் பெருவிரல்

ஜூலை 9, 2001. திங்கள்

விடியலிலிருந்து மழை. கரமனை ஆற்றில் தண்ணி படிக்கட்டு ஏறிடுச்சு. ஓடு ரெண்டு இடத்தில் ஒழுகுது, சட்டி வெச்சாச்சு. முட்டிவலித் தைலம் தீர்ந்தது.

பத்து மணிக்கு மாதவன் சார் மறுபடியும். சமாதானக் கமிட்டியாம். மூணாவது தடவை. குடை, தோல்பை, பெரிய சிரிப்பு.

"செல்வத்தைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவரணும் அண்ணாச்சி. கவர்ன்மென்ட் பேசத் தயார். பேடிக்க வேண்டாம், கேட்டோ." பயப்படாதேங்கிறதை மலையாளத்தில் சொன்னார்.

செல்வம் என் மகன். துப்பாக்கி எடுத்த கூட்டத்தோட வடக்கே காட்டுக்குள் போய் நாலு வருஷம்.

"பேசுறதா இருந்தா தேடுறதை நிறுத்துவாங்களா சார்?"

"அது வேற டிபார்ட்மென்ட்."

போன தடவை சாயாவில் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. இன்னைக்கு சுகர் இருக்கு, வேண்டாம்னார். குறிச்சு வைக்கிறேன்.

ஜூலை 10, செவ்வாய்

மழை. ரேடியோவில்: காட்டுக்கு இன்னும் படை அனுப்புறாங்களாம். பேச்சுக்கும் கதவு திறந்தே இருக்காம்.

மாப்பிள்ளை மணி, ஹோட்டல் சப்ளையர், சாப்பிட உட்கார்ந்ததும்: "பேச்சாவது ஒண்ணாவது மாமா. படையை விட்டு ஒரேயடியா முடிச்சாத்தான் அடங்கும்."

மகள் பாக்கியம் கரண்டியோட திரும்பினா. "யாரை முடிக்கச் சொல்றீங்க? என் தம்பியையா? உங்க ஹோட்டல்ல போய்க் கோழியை முடிங்க."

"நான் பொதுவாச் சொன்னேன்டி."

"பொதுவா இந்த வீட்ல சோறு கிடையாது."

அப்புறம் போட்டா. ரெண்டு தடவை ரசம் வாங்கிக்கிட்டார்.

மலை எஸ்டேட்டில் வேலை பார்த்த காலம் ஞாபகம் வந்தது. ஸ்டிரைக். துரை அஞ்சு பேரைப் பங்களாவுக்குப் பேசக் கூப்பிட்டார். அதில் எங்க அண்ணன் ஒருத்தன். கேட் வரைக்கும் நானும். பங்களா நாய் ரெண்டும் எப்பவும் அவிழ்த்துவிட்டுத்தான் கிடக்கும். அன்னைக்குக் கட்டிப்போட்டிருந்தது. ஏன்னு எனக்குத் தோணலை. பின்கட்டில் போலீஸ். அடியில் அண்ணனுக்கு ஒரு காது கேக்காமப் போச்சு. பேசக் கூப்பிடுற இடத்தில் இப்பவும் முதல்ல நாயைத்தான் பார்ப்பேன்.

ஜூலை 12, வியாழன்

மாதவன் சார் கடிதத்தோட வந்தார். செல்வத்துக்கு நான் எழுதுற மாதிரி அவங்களே தமிழில் எழுதினது. கொண்டுசேர்க்க ஆள் இருக்காம். கூட ஒரு டிரைவர். லுங்கி, ரப்பர் செருப்பு. ஆனா கணுக்காலுக்கு மேலே சாக்ஸ் இறுக்கின தடம், ரெண்டு காலிலும்.

சார் படிச்சார்: "நீ சொல்ற இடம், நீ சொல்ற நாள். கூட ரெண்டு பேரைக் கூட்டிக்கோ. பத்திரிகைக்காரங்க இருப்பாங்க. இப்படிக்கு அப்பா." பாக்கியம் அழுதா.

பேப்பரை என் முன்னால் வெச்சார். எனக்கு எழுத்துத் தெரியாதுன்னுதான் எல்லாருக்கும் நினைப்பு. லாட்ஜில் வாட்ச்மேனா இருந்தப்ப பழைய பேப்பரை வெச்சு எழுத்துக் கூட்டிப் பழகினேன். மகளுக்குக்கூடத் தெரியாது. படிக்கத் தெரியாதவன் முன்னால் ஆளுங்க எதையும் ஒளிக்கிறதில்லை.

மெதுவாப் பார்த்தேன். உதடு அசையாமல். அதில் இருந்தது: "அப்பாவுக்கு ரொம்ப முடியலை. வர்ற வியாழன் 19 சாயங்காலம் கரமனை வீட்டுக்கு வா. தனியா வா."

படிச்சதைச் சொன்னா என்னையும் பாக்கியத்தையும் வண்டியில் ஏத்துவாங்க. விரல் வைக்கலைன்னா வேற வழி தேடுவாங்க, அது எனக்குத் தெரியாமலே நடக்கும்.

"இடது பெருவிரல், அண்ணாச்சி."

"சாயா எடுத்துட்டு வந்துடறேன் சார்."

அடுப்படி. கொதிக்கிற தண்ணி. இடது பெருவிரலில் ஊத்திக்கிட்டேன். நிஜமாவே கத்தினேன்.

"பார்த்து ஊத்தக் கூடாதாப்பா!" பாக்கியம் துணி சுத்தினா. மாதவன் சார் வாட்ச்சைப் பார்த்தார். "சாரமில்லை, பரவாயில்லை, வலது போதும்."

வலது வெச்சேன்.

இடதில் குறுக்கே வெட்டு இருக்கு. எஸ்டேட்டில் செடி வெட்டுற கவாத்துக் கத்தி பட்டது. ரேகையில் வெள்ளைக் கோடா விழும். நான் கைநாட்டு வெச்ச காகிதத்தை எல்லாம் ஆபீசுக்குக் கொண்டுபோனது செல்வம்தான். அந்தக் கோட்டை "அப்பா ரோடு"ன்னு சொல்லிச் சிரிப்பான்.

ஜூலை 16, திங்கள்

கொப்புளம் உடைஞ்சது. தைலம் வாங்கணும், மறுபடி மறந்தாச்சு.

நானே எழுதினா என்ன? கொண்டுபோக ஆள் இல்லை. போய்ச் சேர்ந்தாலும் நம்பமாட்டான். அப்பனுக்கு எழுத்துத் தெரியாதே.

பேச்சு வேண்டாம்னு இல்லை. படை போனா என் மகன் சாவான், இல்லை அவன் சுட்டு இன்னொருத்தன் மகன். பேசித்தான் தீரணும். ஆனா நிஜமாப் பேசுறவனுக்கு என் விரல் எதுக்கு?

ரேகையில் அந்த வெள்ளைக் கோடு இருக்கான்னு தேடுவானா? நாலு வருஷம். அப்பனுக்கு முடியலைன்னதும் பதறி ஓடி வந்துட்டா?

ஜூலை 19, வியாழன்

மழை இல்லை. எதிர் சாயாக்கடையில் காலையிலிருந்து ரெண்டு பேர். ஒருத்தன் அந்த டிரைவர். ஒரே பேப்பர், மூணு மணி நேரமா.

"ஏம்ப்பா வாசலையே பார்க்குறீங்க?" பாக்கியம்.

"வெயில் அடிக்குதான்னு."

நாலு. யாரும் இல்லை. அஞ்சு. அஞ்சரைக்கு பஸ் நின்னு ஒரு ஆள் இறங்கினான். செல்வம் நடை. எழுந்து வாசப்படி வரைக்கும் போனேன். கிட்ட வந்தப்ப தெருக்கோடி வீட்டுக்காரர். "சுகமா அண்ணாச்சி?" சுகம்னேன்.

ஏழு. எதிர்க்கடையில் பலகை மாட்டினாங்க. ரெண்டு பேரும் ஜீப்பில் ஏறிப் போனாங்க.

வரலை. கோட்டைத் தேடிப் பார்த்திருக்கான்.

ஏழேகால் ரேடியோ: அழைச்சும் காட்டிலிருந்து யாரும் வரலையாம், இனிப் பேச்சு இல்லையாம். விடியலில் படை காட்டுக்குள். பாக்கியம் சத்தத்தைக் குறைக்கப் போனா. வேண்டாம், சத்தமா வைன்னேன்.