லேபிளின் கடைசி வரி

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைக் கேட்காதீர்கள். என் சின்ன மகள் நம்மை விட்டுப் போய் மூன்று மாதமாகிறது.

கொசு கடித்து வந்த காய்ச்சல் என்று டாக்டர் சொன்னார். "ஏம்மா, எதுவும் பூசி விடலையா?" என்று கேட்டார். கொசு எண்ணெய்ப் பட்டறையில் வேலை செய்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? தினமும் பள்ளிக்கூடம் போகும்போது கை கால் கழுத்தெல்லாம் பூசித்தான் அனுப்பினேன். "என்னை எலுமிச்சம்பழம்னு கூப்பிடறாங்கம்மா" என்று சிணுங்குவாள். "கூப்பிடட்டும்டி, கொசு கூப்பிடாம இருந்தா சரி" என்பேன்.

உங்கள் பட்டறை எப்போதும்போல ஓடுகிறது. எலுமிச்சைப்புல் எண்ணெய் இரண்டு டின் வந்தது. மூடி திருகுகிறவளுக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது.

போன வாரம் சின்னவளின் பையைத் திறந்தேன். புத்தகத்துக்குள் ஒரு காகிதத் துண்டு. நம் லேபிளின் அடித்துண்டு. சின்ன பாட்டில் வந்த புதிதில், உயர பாட்டிலுக்கு அச்சடித்த லேபிள் அதற்கு நீளமாக இருந்ததே. "அடியில ஒரு விரல் அகலம் வெட்டிட்டு ஒட்டு, அதுல ஒண்ணும் இல்ல" என்றீர்கள். வெட்டினேன். அந்தத் துண்டுகளை அவள் பக்க அடையாளத்துக்கு எடுத்துக்கொள்வாள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், இந்தக் கடிதம்கூட நான் சொல்லச் சொல்லப் பெரியவள் எழுதுவதுதான். உட்கார்ந்து கூட்டினேன்.

"இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசவும்."

நான் காலையில் ஒரு தடவைதான் பூசினேன் அண்ணா. அவள் வீடு திரும்ப நாலரை ஆகும்.

கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. நீங்கள் குடிமாறிப் போனபோது அண்ணி பழைய உயர பாட்டிலாகத் தேடித் தேடி ஒரு பெட்டி எடுத்துக்கொண்டார். சின்னதே நிறைய இருக்கிறதே என்றேன். "அது வேணாம், இதுலதான் எல்லாம் எழுதியிருக்கு" என்றார். அன்றைக்கு அது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

நீங்கள் படித்தவர். 'ஒண்ணும் இல்ல' என்றது படிக்காமல் சொன்னதா, படித்துவிட்டுச் சொன்னதா? அதை மட்டும் எழுதுங்கள். பெரிய எழுத்தாக எழுதுங்கள், யாரிடமும் கொடுக்காமல் நானே படித்துக்கொள்கிறேன்.

இப்போது லேபிளை வெட்டாமல், நீளம் அடங்கும்படி சாய்த்து ஒட்டுகிறேன். கோணல் என்று மேஸ்திரி கத்துகிறார். கத்தட்டும்.

அந்தத் துண்டை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் நூறு வயசு வாழட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறக்காமல் பூசி விடுங்கள்.

இப்படிக்கு,
லேபிள் ஒட்டுகிற உங்கள் தங்கை