இரண்டு பக்கமும் கறுப்பு

ஞாயிறு. பாரிவாக்கம்.

என்னிடம் இருப்பதெல்லாம் பழைய படங்களின் டிவிடிதான். அதற்கு முப்பத்திரண்டு இன்ச் டிவி போதும் என்றேன். மனைவியின் தம்பி சேகர், அந்தத் தடியன், கடையில் என்னைப் பேசவே விடாமல் ஐம்பத்தைந்து இன்ச் வாங்கவைத்தான். வீட்டில் படம் போட்டால் முகமெல்லாம் கலங்கல். போதாததற்கு, சதுரமாக வந்த படத்தை ரிமோட்டை அமுக்கித் திரை முழுக்க இழுத்துவிட்டான். கதாநாயகி பூசணிக்காய் ஆனாள்.

"இன்னா மாமா, இம்மாம் துட்டு குட்த்து வாங்கிட்டு ரெண்டு பக்கமும் கறுப்பா வுடுவாங்களா?"

துட்டு என்னுடையது. அவன் கிளம்பியதும் படத்தைப் பழையபடி சுருக்கினேன்.

"தம்பி வெச்சத ஏன் மாத்துற?" என்றாள் இவள்.

நாளைக்கும் வருவானாம், கிரிக்கெட் பார்க்க. வரட்டும். ரிமோட் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.