கறுக்காத ஃபிலிம்

ராஜபாளையம்
4.3.1991

பாசமுள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் வாந்தி. ஆமாம் அக்கா, ஏழு வருஷம் கழித்து ஆண்டவர் கண் திறந்துவிட்டார். மூன்றாம் மாதம். அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஓடிவந்து, சிரித்து, அழுது, முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரிக்கு டிவி எக்ஸ்ரே வந்ததிலிருந்து ஆபரேஷன் தியேட்டரை விட்டு நகர முடியவில்லை. டாக்டர் திரையில் எலும்பைப் பார்த்துக்கொண்டே கம்பி ஏற்றுவார். நான் நோயாளியின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கதிரைத் தடுக்கும் ஈய அங்கி ஒன்றுதான், அது அவருக்கு. பிள்ளைக்கு ஆகுமா என்று கேட்டேன். "ஒன் பேட்ஜ்ல ரெண்டு வருசமா சைபர்தான வருது? பொறவு என்ன பயம்?" என்றார். பேட்ஜில் இருக்கும் ஃபிலிமைக் கழுவி எவ்வளவு கதிர் பட்டது என்று பார்ப்பது உன் ஆபீஸ்தானே. நீ சொல்லு, நிற்கலாமா? இவர் மில் மூடிக் கிடக்கிறது. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

உன் தங்கை,
பரிபூரணம்

பம்பாய்
15.3.1991

அடி பரிபூரணம்,

சந்தோஷத்தில் ஆபீஸ் முழுக்கப் பேடா வாங்கிக் கொடுத்தேன். பிறகு உன் ஃபிலிமை எடுத்துப் பார்த்தேன். ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. கதிர் பட்டால் ஃபிலிம் கறுக்க வேண்டும். அங்கிகூட இல்லாமல் மெஷினை ஒட்டி நிற்கிறவளுக்கு எப்படியடி வெளுத்தே வரும்? ஏட்டி, நீ அந்த பேட்ஜை எங்கே குத்துகிறாய்?

அக்கா ஞானபாக்கியம்

ராஜபாளையம்
24.3.1991

அக்கா,

எங்கே குத்துவது? தியேட்டருக்குள் போகுமுன் வளையல், கம்மல், வாட்ச் எல்லாம் கழற்றி டம்ளரில் போடுகிறோம் இல்லையா, அதையும் கூடவே போடுவோம். ஊக்கும் தகரமுமாய் இருக்கிறதே, உள்ளே கொண்டுபோனால் சுத்தம் கெடாதா? நர்சிங்கில் அப்படித்தானே எங்கள் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே எல்லோரும் அப்படித்தான். வெளியே வந்ததும் மறக்காமல் குத்திக்கொள்வோம்.

உன் கடிதம் பார்த்த மறுநாளே வாந்தியைச் சொல்லி வார்டுக்கு மாற்றல் வாங்கிவிட்டேன். என் இடத்தில் வேலுத்தாய் நிற்கிறாள். சின்னப் பிள்ளை, இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை. நீ யாரிடமும் மூச்சு விடாதே. விஷயம் வெளியே வந்தால் டாக்டர் என்னைத்தான் பிடிப்பார். வேலை போனால் நாங்கள் எங்கே போவோம்? கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பரிபூரணம்

பம்பாய்
5.4.1991

அன்புள்ள பரிபூரணம்,

அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் ஊகித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நீ வார்டுக்குப் போய்விட்டாய். வேலுத்தாய் நாளைக்குப் பெறப்போவதும் பிள்ளைதானே. அவளுக்குக் கேட்க பம்பாயில் அக்கா இல்லை.

என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

ஞானபாக்கியம்

ராஜபாளையம்
2.6.1991

ஞானபாக்கியம் அவர்களுக்கு,

உங்கள் ஆட்கள் வந்தார்கள். மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார்கள். டாக்டர் என்னிடம் சத்தம் போடவில்லை. "ஒங்க அக்கா பம்பாய்லதானம்மா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். இவர் இப்போது ஆலங்குளத்தில் மூட்டை தூக்கப் போகிறார்.

நீங்கள் செய்தது நியாயமாகவே இருக்கட்டும். நியாயத்தைப் போட்டால் உலை கொதிக்காது. இனி எனக்கு எழுத வேண்டாம்.

பரிபூரணம்

பம்பாய்
20.12.1991

அன்புள்ள பரிபூரணம்,

முந்தின கடிதங்களுக்குப் பதில் இல்லை. இதற்கும் வேண்டாம்.

பெண் பிள்ளை, சுகப் பிரசவம், மூக்கு மட்டும் என்னைப்போல என்று அம்மா எழுதியிருந்தாள். மூக்கின்மேல் கோபம் காட்டாதே, பாவம்.

உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து பேட்ஜுகள் வந்தன. எல்லோருக்கும் அங்கி வாங்கிக் கொடுத்த பிறகுதான் இப்போது மெஷினை ஓட்டுகிறார்களாம். வேலுத்தாய் பெயர் இருந்த ஃபிலிமை நானே கழுவினேன். கறுத்திருந்தது, டம்ளரில் கிடந்த ஃபிலிம் இல்லை. பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஆனாலும் கொஞ்ச நாள் அவளை வார்டில் வைக்கச் சொல்லி எழுதியாகிவிட்டது.

ஃபிலிம் கறுத்ததற்குச் சந்தோஷப்பட்டவள் இந்த ஆபீசிலேயே நான் ஒருத்திதான். இதைச் சொல்ல உன்னைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அக்கா