கேட்டதா என்று தெரியாத இரண்டரை மணி நேரம்

இன்று காலை கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு பெட்டியைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார்கள். நடுக்கடலில் செயற்கைக்கோள் செய்தியை வாங்கிப் படகுக்காரர்களுக்குக் காட்டும் பெட்டி. மூடியைக் கழற்றியதும் உப்பும் டீசலும் கலந்த வாடை. உன் நினைவு வந்துவிட்டது.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. மீனவர்களுக்கு வானிலைச் செய்தி அனுப்பும் அந்தச் சின்ன அலுவலகத்தில், எதிரெதிர் மேசையிலிருந்து எத்தனை சண்டை போட்டிருப்போம்! நீ செயற்கைக்கோள் கட்சி, நான் செல்போன் கட்சி.

“மேலேர்ந்து ஒரு தடவ சொன்னாப் போதும்டி, பொட்டி வச்சிருக்குற அத்தன போட்டுக்கும் கேக்கும். ஒன் டவரு கரையத் தாண்டுனா செத்துருது” என்பாய்.

“ஒன் பொட்டிக்குக் காது மட்டுந்தான், வாய் கெடையாது” என்பேன் நான்.

அந்த ஐப்பசி மதியம் திடீரென்று சூறைக்காற்று எச்சரிக்கை வந்தது. படகுகள் கடலுக்குள் வெகுதூரம் போயிருந்தன. நான் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டேன், ஒன்றும் கிடைக்கவில்லை. நீ ஒரே செய்தியை எல்லாருக்குமாகச் செயற்கைக்கோள் வழியே அனுப்பினாய். அனுப்பியது தெரியும், போய்ச் சேர்ந்ததா என்பது தெரியாது. கணவனையும் மகனையும் கடலுக்கு அனுப்பியிருந்த செல்வியக்கா அழுதுகொண்டே நம் வாசலில் வந்து நின்றார்.

“பாத்திருப்பாங்களா, ஆத்தா?”

நீ எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய்.

இரண்டரை மணி நேரம் கழித்து என் போன் அடித்தது. செல்வியக்காவின் கணவர்.

“பொட்டில சேதி பாத்து ஒடனே திருப்பிட்டோம்ங்க. பக்கத்துல இருந்த பொட்டி இல்லாத போட்டுக்கும் வயர்லெஸ்ல சொல்லிட்டோம். எல்லாரும் வாரோம். இப்பத்தான் டவரே கெடைக்குது.”

போனைச் செல்வியக்காவிடம் கொடுத்தேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“காப்பாத்துனது எம் பொட்டி. இந்த அக்கா அழுகைய நிறுத்துனது ஒன் டவரு” என்றாய் நீ. மறுநாளே மேலிடத்துக்கு இருவரும் சேர்ந்து எழுதினோம்: எல்லாப் படகுக்கும் பெட்டி வேண்டும், கரையோரம் இன்னொரு டவரும் வேண்டும். இரண்டும் வந்தன. நீ படுக்கையில் விழுவதற்கு முன்பே வந்ததில் எனக்கு நிறைவு.

இப்போது இரண்டு வழியிலும் நான்தான் அனுப்புகிறேன். அனுப்பியதோடு எழுந்து போக மனம் வருவதில்லை. ஒரு படகாவது கரையை நெருங்கி, “பாத்துட்டோம்க்கா, வந்துக்கிட்டு இருக்கோம்” என்று சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன். பெரும்பாலும் பொழுது சாய்வதற்குள் சொல்லிவிடுகிறார்கள்.